ஒரே இயங்குதளம், இரண்டு கைப்பழக்கம்



டேப்லெட்டுக்கும் மேசைக்கணினிக்கும் ஒரே இயங்குதளம் போதுமா? இந்தக் கேள்வியை ஊகத்தில் விவாதிக்க வேண்டிய அவசியம் இல்லை. கோடிக்கணக்கான மக்களை வைத்து இதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுதான் அந்தப் பரிசோதனை. அதன் கதையை விவரமாகப் பார்த்தாலே கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

2010 ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்தது. கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, விரல் ஒன்றே போதும் என்றது. ஆவணம் படிப்பது, படம் பார்ப்பது, கடிதம் அனுப்புவது என்று கணினியில் செய்துவந்த பல வேலைகளை மக்கள் சோபாவில் சாய்ந்தபடி செய்யத் தொடங்கினார்கள். மைக்ரோசாஃப்ட்டுக்கு இது புதிய யோசனை அல்ல. 2002லேயே விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பை அது வெளியிட்டிருந்தது. ஆனால் அந்தப் பதிப்பு பேனாவை நம்பியது. மேசைக்கணினியின் அதே சின்னச் சின்ன பட்டன்களைப் பேனா முனையால் குத்தச் சொன்னது. அது பரவலாக எடுபடவில்லை. ஆகவே இரண்டாம் முறை எதிர்த்திசையில் போனார்கள். ஸ்டீவன் சினோஃப்ஸ்கி தலைமையிலான விண்டோஸ் குழு, விரலுக்கு ஏற்ற முகப்பை முதலில் வடிவமைத்து, அதையே மேசைக்கணினிக்கும் பொது முகப்பாக வைத்தது.

விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து, அதாவது 1995 ஆகஸ்டிலிருந்து, திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் எடுக்கப்பட்டது. அதன் இடத்தில் முழுத்திரையையும் அடைத்துக்கொள்ளும் வண்ணக் கட்டங்கள் வந்தன. அலுவலகத்தில் மவுஸோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது என்ன செய்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

அவருக்கு மாலையில் கணினியை அணைக்க வேண்டும். பழைய விண்டோஸில் மூலையில் ஒரு சொடுக்கு, பிறகு இன்னொரு சொடுக்கு, முடிந்தது. விண்டோஸ் 8ல் மவுஸைத் திரையின் வலது மேல் மூலைக்கோ கீழ் மூலைக்கோ கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. நிறுத்தினால் ஒரு பட்டை மெல்ல வெளிப்படும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் அணைக்கும் கட்டளை. இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவருக்கோ, இடையில் இருக்கும் மூலையில் மவுஸை நிறுத்துவது கடினம். எளிதில் வழுக்கி அடுத்த திரைக்குப் போய்விடும். டேப்லெட்டைக் கையில் பிடித்திருப்பவருக்கு இதே பட்டை அருமையாக வரும். வலது கட்டைவிரல் இயல்பாகவே திரையின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

இன்னொன்று. அதே நபர் மேசைத்திரையில் நான்கைந்து சாளரங்களைத் திறந்து வைத்துக் கணக்கு பார்க்கிறார். நடுவில் ஒரு புகைப்படத்தை இருமுறை சொடுக்குகிறார். சாளரங்கள் எல்லாம் மறைந்து, அந்தப் படம் முழுத்திரையில் வந்து நிற்கிறது. மூடுவதற்குப் பெருக்கல் குறி இல்லை. திரையின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே வரை இழுத்து விட்டால்தான் மூடும். இணைய உலாவியே இரண்டு இருந்தது. கட்டங்கள் உள்ள பக்கத்தில் ஓர் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், பழைய மேசைத்திரையில் இன்னொரு இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். ஒன்றில் திறந்த பக்கம் மற்றதில் தெரியாது. கணினியின் அமைப்புகளை மாற்றும் இடமும் இரண்டாக இருந்தது. ஒரே இயங்குதளம் என்று பெயர்; உள்ளே இரண்டு வீடுகள், நடுவில் அறிவிப்பில்லாமல் திறந்து மூடும் கதவு.

நான் விண்டோஸ் 8ஐ வெறுப்பவன் அல்ல. விரலுக்காகச் செய்த அந்தப் பாதி மிக அழகாகச் சிந்திக்கப்பட்டது. இரண்டு கட்டைவிரல்களுக்கும் எட்டும்படி, இரண்டாகப் பிரிந்து திரையின் இரு ஓரங்களுக்கும் ஒதுங்கும் கீபோர்டு ஒன்று அதில் இருந்தது. டேப்லெட்டை இரு கைகளிலும் ஏந்தி நடந்துகொண்டே தட்டச்சு செய்பவரை நினைத்துப் பார்த்த ஒருவரால்தான் அதை வடிவமைக்க முடியும். குறை அந்தப் பாதியில் இல்லை. அதை வேண்டாதவர் மேலும் சுமத்தியதில்தான் குறை.

ஏன் அது சுமையானது? பழக்கத்தை மாற்ற மக்கள் விரும்பவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரலும் மவுஸும் இயல்பிலேயே வேறு வேறு கருவிகள். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ல் ஒரு விதியைச் சொன்னார்: ஓர் இலக்கைச் சென்று தொட ஆகும் நேரம், அந்த இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் பொறுத்தது. இலக்கு சிறுத்தால் நேரம் கூடும், பிழையும் கூடும். மவுஸ் முனை ஒரு புள்ளி அளவு. விரல் நுனி அப்படி இல்லை. அது தொட வேண்டிய இடத்தையே மறைத்துவிடுகிறது. பழைய மேசைத்திரை மென்பொருள்களில் 16 பிக்சல் அகலமுள்ள படக்குறிகள் சாதாரணம். அந்தக் காலத் திரைக் கணக்கில் அது நாலேகால் மில்லிமீட்டர். விரலால் தொடும் இலக்கு 44 புள்ளிகளுக்குக் குறையக்கூடாது என்று ஆப்பிள் தன் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்கிறது. 9.7 அங்குல ஐபேடில் அது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். நீளத்தில் இரண்டு மடங்கு என்றால் பரப்பில் நான்கு மடங்கு. மவுஸுக்கான திரையில் வைக்கக்கூடிய கட்டளைகளில் கால்பங்கைத்தான் விரலுக்கான திரையில் வைக்க முடியும். மீதியை எங்காவது ஒளித்தாக வேண்டும். விண்டோஸ் 8 எதையெல்லாம் ஒளித்ததோ அதன் காரணம் இங்கே இருக்கிறது.

இதைவிட நுட்பமான வித்தியாசம் ஒன்றை பில் பக்ஸ்டன் என்ற கனடிய ஆய்வாளர் 1990ல் எழுதினார். மவுஸால் இரண்டு காரியம் செய்யலாம்: அழுத்தாமல் வெறுமனே சுட்டலாம், அழுத்தவும் செய்யலாம். தொடுதிரையில் முதல் நிலை கிடையாது. தொட்டால் தொட்டதுதான். ஒரு படக்குறியின் மேல் மவுஸை நிறுத்தினால் அது என்ன என்று ஒரு சிறு குறிப்பு தோன்றுமே, அந்த வசதி முழுவதும் அழுத்தாமல் சுட்ட முடிவதால் வந்தது. செய்வதற்கு முன் என்ன ஆகும் என்று கேட்டுப்பார்க்கும் வாய்ப்பு அது. விரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே விரலுக்கான மென்பொருளில் செய்துவிட்டதைத் திரும்பப் பெறும் வழி சுலபமாக இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் நாகரிகம் மற்றதற்குப் பொருந்தாது.

உடம்பும் இருக்கிறது. 2010 அக்டோபரில் ஒரு கூட்டத்தில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட்டு வேலை செய்வதைத் தாங்கள் பலமுறை சோதித்துப் பார்த்ததாகவும், கொஞ்ச நேரத்தில் கை அலுத்துவிடுவதாகவும் சொன்னார். மேசைக்கணினி முன் உட்கார்ந்து கையை நீட்டி ஐந்து நிமிடம் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நமக்கே தெரிந்துவிடும். தோள்பட்டைதான் முதலில் முறையிடும்.

சரி, மேசைக்காரர் துன்பப்பட்டார், டேப்லெட்காரராவது சுகப்பட்டாரா? அதுவும் முழுமையாக இல்லை. விண்டோஸ் 8 வந்த அன்றே மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் என்ற தன் சொந்த டேப்லெட்டை வெளியிட்டது. முதலில் வந்த அந்த வகையில் இருந்தது விண்டோஸ் ஆர்டி. பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. கூடவே வந்த வேர்டும் எக்செலும் பழைய மேசைத்திரையில்தான் திறந்தன. மவுஸுக்காகச் செய்த பட்டன்களை விரலால் குத்த வேண்டியிருந்தது. 2013 ஜூலையில், விற்காமல் தேங்கிய சர்ஃபேஸ் ஆர்டி கணக்கில் 90 கோடி டாலரை நட்டமாக எழுதியது அந்த நிறுவனம். சினோஃப்ஸ்கி அதற்கு முன்பே, 2012 நவம்பரில், விலகிவிட்டார். 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 ஸ்டார்ட் பட்டனைத் திருப்பிக் கொடுத்தது. 2015ல் வந்த விண்டோஸ் 10 கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட் முறைக்கு மாறவா என்று கேட்டது. கேட்டது என்பதுதான் முக்கியம். 2021ல் விண்டோஸ் 11 வந்தபோது அந்தத் தனி முறையும் போயிற்று. கீபோர்டு கழன்றால் படக்குறிகள் தாமாகக் கொஞ்சம் விலகி இடம்விடுகின்றன, அவ்வளவே. ஆடம்பரமாகத் தொடங்கியது இந்த அடக்கத்தில் வந்து நின்றது. எனக்கு இந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இயங்குதளம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே பொருள் அல்ல. அடியில் கெர்னல் இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளை எழுதுவது, வன்பொருளோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. மேலே, நாம் பார்த்துத் தொடும் முகப்பு. அடித்தளம் எப்போதோ ஒன்றாகிவிட்டது. 2007ல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோதே அதில் ஓடுவது மேக் கணினியின் ஓஎஸ் எக்ஸ்தான் என்று ஜாப்ஸ் சொன்னார். இன்றும் மேக்கிலும் ஐபேடிலும் ஒரே கெர்னல்தான். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். பெரும் சர்வர்களிலும் லினக்ஸ். கெர்னலுக்குக் கை கிடையாது, தோள் கிடையாது. அது எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். சண்டை முழுவதும் முகப்பைப் பற்றியது.

ஆப்பிள் இதற்கு வேறு வழியில் போனது. 2012 ஏப்ரலில் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக், ரொட்டி வாட்டும் டோஸ்டரையும் ஃபிரிட்ஜையும்கூட ஒன்றாக்கலாம், ஆனால் அது யாருக்கும் பிடிக்காது என்று சொன்னார். 2018ல் ஐபேடின் இயங்குதளத்தையும் மேக்கின் இயங்குதளத்தையும் இணைக்கப் போகிறீர்களா என்ற கேள்விக்கு ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெக் ஃபெடரிகி மேடையிலேயே இல்லை என்று எழுதிக் காட்டினார். இணைக்கவும் இல்லை. ஆனால் ஐபேட் நடந்து வந்த பாதையைப் பாருங்கள். 2015ல் திரையை இரண்டாகப் பிரிக்க முடிந்தது. 2019ல் ஐபேட்ஓஎஸ் என்று தனிப்பெயர். 2020 மார்ச்சில் மவுஸும் டிராக்பேடும் முழுமையாக வேலை செய்தன. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26ல் விருப்பம்போல் இழுத்துப் பெரிதாக்கும் சாளரங்கள், மேலே மெனு, மூடுவதற்கு மேக்கில் இருப்பதுபோலவே சிவப்புப் பொட்டு. மைக்ரோசாஃப்ட் மேசையிலிருந்து கிளம்பி விரலை நோக்கி வந்தது. ஆப்பிள் விரலிலிருந்து கிளம்பி 15 ஆண்டுகளில் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இதில் 2020ல் செய்த ஒரு சிறு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. ஐபேடில் மவுஸை இணைத்தால் அம்புக்குறி வரவில்லை. ஒரு சாம்பல்நிற வட்டம் வந்தது, விரல் நுனி போல. அது ஒரு பட்டனின் அருகே போனால் பட்டனின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு அதில் ஒட்டிக்கொண்டது. எழுத்தின் மேல் போனால் மெல்லிய நேர்கோடாக இளைத்தது. விரலுக்காகக் கட்டிய பெரிய பட்டன்களை மவுஸுக்காக மறுபடி கட்டாமல், சுட்டும் முனையையே மாற்றிவிட்டார்கள். பின்னர் 2025ல் அம்புக்குறியே வந்துவிட்டது உண்மை. ஆனாலும் வந்த விருந்தாளி யார் என்று பார்த்து முகப்பு தன்னை மாற்றிக்கொள்வது எப்படி என்று அந்த வட்டம் காட்டியது.

லினக்ஸ் உலகிலும் இந்தக் கனவு இருந்தது. உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், கைப்பேசியை மானிட்டரோடு இணைத்தால் அதுவே மேசைக்கணினியாக வேண்டும் என்று விரும்பினார். 2013ல் உபுண்டு எட்ஜ் என்ற கைப்பேசிக்காக மக்களிடம் 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றார், 1.28 கோடி அளவில் நின்றுவிட்டது. 2017 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார். ஆர்வலர்கள் சிலர் அதை எடுத்து இன்றும் வளர்த்துவருகிறார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

விரலா மவுஸா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த விவாதத்தில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒன்று கீபோர்டு. மேசைக்கணினியில் பழுத்த கையாளர் மவுஸைக்கூட அதிகம் தொடுவதில்லை. நம்மூர் மொத்த வியாபாரக் கடையில் டேலி போடுகிறவரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பெங்களூரில் உருவான கணக்கு மென்பொருள் அது. விற்பனைக்கு எஃப்8, வரவுக்கு எஃப்6, கொடுத்ததற்கு எஃப்5. பெயரின் முதல் இரண்டு எழுத்து, என்டர், சரக்கின் பெயர், என்டர், அளவு, என்டர், விலை, என்டர். கண் பில்லின் மேல் இருக்கிறது, வாய் வாடிக்கையாளரோடு பேசுகிறது, விரல்கள் தம் போக்கில் ஓடுகின்றன. அவருக்கு முகப்பு என்பது திரையில் இல்லை, கையில் இருக்கிறது. அவர் கணினியில் கட்டங்களைப் பெரிதாக்கினால் என்ன, வண்ணம் பூசினால் என்ன? விசைகளை மாற்றாமல் விட்டால் போதும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கும் இது நேரடியாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே விசை; ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். இடக்கையும் வலக்கையும் மாறி மாறி ஓடுவதால் வேகம் பிடிக்கும். ஆனால் இந்தத் திறமை முழுவதும் விரல் தங்குவதற்கு ஓர் இடம் இருப்பதை நம்பியது. கீபோர்டில் எஃப், ஜே விசைகளின் மேல் சிறிய மேடு இருக்கும். அதைத் தடவித்தான் விரல்கள் தம் வீட்டைக் கண்டுபிடிக்கின்றன. கண்ணாடித் திரையில் மேடு இல்லை. அங்கே கண் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே இறங்கி ஏற வேண்டும். போதாக்குறைக்குத் திரையின் பாதியைக் கீபோர்டே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் டேப்லெட்டில் பலர் தட்டச்சை விட்டுவிட்டுக் குரலில் சொல்கிறார்கள். நாலு வரிச் செய்திக்கு அது நல்ல வழி. ஒரு நாவலைத் திருத்த, ஓர் அகராதியைத் தொகுக்க அது உதவாது.

ஆக, முகப்பைப் பொறுத்தவரை என் நிலை இதுதான்: ஒரே இயங்குதளம் இரண்டுக்கும் பொருந்த முடியும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். எதிரில் இருப்பது விரலா, மவுஸா, கீபோர்டா என்று அது பார்த்து நடக்க வேண்டும். புதியவருக்கு இடம் கொடுப்பதற்காகப் பழையவரின் கைத்தேர்ச்சியைப் பறிக்கக் கூடாது. விண்டோஸ் 8 இரண்டாவதில் தவறியது. ஐபேட் முதலாவதைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டது.

ஆனால் இன்னும் பெரிய வேறுபாடு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்கும் விரலுக்கும் சம்பந்தம் இல்லை. மேசைக்கணினி வளர்ந்த மரபில், வாங்கியவர்தான் அதன் சொந்தக்காரர். எந்த மென்பொருளையும் எங்கிருந்தும் கொண்டுவந்து நிறுவலாம். கோப்புகளைத் தம் விருப்பம்போல் அடுக்கலாம். தாமே ஒரு நிரலை எழுதி ஓட்டலாம். டேப்லெட் வேறு மரபில் பிறந்தது. ஐபேடில் எந்தச் செயலி வரலாம் என்பதை அதைச் செய்த நிறுவனத்தின் கடை தீர்மானிக்கிறது. பாதுகாப்புக்கு அது நல்லது என்பதை மறுக்க மாட்டேன்; வைரஸுக்குப் பயந்து கணினியைத் தொடவே தயங்கிய பெரியவர்கள் ஐபேடைத் தைரியமாகத் தொட்டார்கள். ஆனால் 2021ல் ஐபேட் ப்ரோவுக்குள் எம்1 சிப் வந்தது. மேக்புக் ஏரில் இருந்த அதே சிப். மேக்கில் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் ஐபேடில் இன்றும் இல்லை. வலிமை ஒன்றே, உரிமை வேறு. இந்தத் தடையை எந்த இயற்பியல் விதியும் போடவில்லை. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஐபேட்ஓஎஸ்ஸையும் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன்பின் அங்கே வெளிக்கடைகளிலிருந்தும் ஐபேடில் செயலிகள் நிறுவ வழி பிறந்தது. சட்டம் வந்ததும் கதவு திறந்தது என்றால், மூடியிருந்தது தொழில்நுட்பக் காரணத்தால் அல்ல.

இரண்டு இயங்குதளங்கள் ஒன்றாகும்போது எனக்கு இருக்கும் கவலை இதுதான். சாளரங்களும் மெனுவும் டேப்லெட்டுக்கு வரட்டும், வரவேற்கிறேன். பதிலுக்கு டேப்லெட்டின் பூட்டு மேசைக்கணினிக்கு வந்துவிடக் கூடாது. விண்டோஸ் ஆர்டி கடைக்கு வெளியே எதையும் நிறுவவிடாமல் தடுத்தபோது அந்தப் பூட்டைத்தான் பார்த்தோம். அது தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

இது நமக்கு வெளியே நடக்கும் விவாதமும் அல்ல. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தது. அந்த 'அல்லது' சாதாரணமானது அல்ல. உடற்கூறியல் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டிய மருத்துவ மாணவிக்கு டேப்லெட் உண்மையிலேயே உதவும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கும், வணிகவியல் படித்துவிட்டு நாளை டேலியில் உட்காரப் போகிறவருக்கும், ஆய்வேட்டைத் தமிழில் எழுதப் போகிறவருக்கும் நிஜமான விசைகள் உள்ள, தாமே மென்பொருள் நிறுவிக்கொள்ளும் உரிமை உள்ள மடிக்கணினி வேண்டும். இரண்டில் எது என்று ஒருவர் என்னைக் கேட்டால், படிக்கப் போகிறீர்களா உருவாக்கப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். இரண்டும் என்றால், மடிக்கணினியை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.